பவானிப் பள்ளத்தாக்கின் பழைய வரைபடம்: கசிவுநீர்ச் சர்ச்சைக்கு ஒரு சாட்சி

பவானிசாகர் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று கேட்டால், ஈரோடு மாவட்டத்து விவசாயி யோசிக்காமல் சொல்லிவிடுவார். ஆனால், அணை கட்டுவதற்கு முன்பு அந்த இடம் எப்படி இருந்தது, தன் தோட்டத்தை ஒட்டிய பள்ளத்தில் அப்போது தண்ணீர் ஓடியதா என்று கேட்டால், ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஓரிருவரைத்தான் தேடிப் போக வேண்டும். இன்னும் சில ஆண்டுகளில் அவர்களும் இருக்க மாட்டார்கள்.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு சாட்சி இருக்கிறது. இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட பழைய நில அமைப்பு வரைபடம்தான் அது. 'டோபோ ஷீட்' என்று அதிகாரிகள் சொல்வது இதைத்தான். அது ராணுவத்துக்கும் பொறியாளர்களுக்கும் மட்டுமானது என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அப்படி ஒதுக்கியது நமக்குத்தான் நட்டம். கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா, கூடாதா என்று ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற விவசாயிகள் இரண்டு அணியாக நின்றார்களே, அந்தச் சர்ச்சையில் இரு தரப்பும் முதலில் விரித்துப் பார்த்திருக்க வேண்டியது இந்தத் தாளைத்தான் என்பது என் கருத்து.

தாளை எப்படிப் படிப்பது?

இந்திய நில அளவைத் துறை 1767-இல் தொடங்கப்பட்டது. 1802-இல் சென்னையில் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் மீதுதான் நம் பகுதி வரைபடங்கள் எழுந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல வண்ணத்தில் 'ஒரு அங்குலத் தாள்கள்' வரத் தொடங்கின. தரையில் ஒரு மைல், தாளில் ஒரு அங்குலம். சுதந்திரத்துக்குப் பின் மெட்ரிக் முறை வந்ததும் இவை 1:50,000 அளவுக்கு மாறின. அதில் ஒரு கிலோமீட்டர், தாளில் இரண்டு சென்டிமீட்டர்.

ஒவ்வொரு தாளுக்கும் எண் உண்டு. நம் பகுதி 58-ஈ வரிசையில் வருகிறது. பவானிசாகர் 3-ஆம் தாளில், சத்தியமங்கலம் 2-ஆம் தாளில், கோபிசெட்டிபாளையம் 7-ஆம் தாளில். எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பழுப்பு நிறக் கோடுகள் சம உயரக் கோடுகள். பழைய தாளில் பெரும்பாலும் 50 அடிக்கு ஒன்று, புதிய தாளில் 20 மீட்டருக்கு ஒன்று. கோடுகள் நெருங்கினால் சரிவு, விலகினால் சமவெளி. மஞ்சள் பூச்சு சாகுபடி நிலம், பச்சை மரங்களும் காடும். சிவப்பில் சாலைகளும் குடியிருப்புகளும். நமக்கு முக்கியமானது நீலமும் கறுப்பும். ஆண்டு முழுக்க நீர் ஓடும் ஓடை நீலக் கோடு. மழை பெய்தால் மட்டும் ஓடி மற்ற நாளில் வறண்டு கிடக்கும் ஓடை கறுப்புக் கோடு. கிணறுகளுக்குச் சிறு வட்டம். குளக்கரையின் பக்கத்தில் ஓர் எண்ணும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அது சுற்றுத் தரையிலிருந்து அந்தக் கரையின் உயரம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தாளின் ஓரத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் அச்சாகியிருக்கும். அச்சிட்ட ஆண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. களத்தில் அளந்த ஆண்டு எது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1950-இல் மறுபதிப்பான தாளில் அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன் அளந்த விவரம் இருக்கக் கூடும்.

அணைக்கு அடியில் ஒரு பாதை

பவானிசாகர் அணையின் வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண் அணை. கொள்ளளவு 32.8 டி.எம்.சி. இன்றைய தாளில் அங்கே ஒரு பெரிய நீலப் பரப்பு மட்டும்தான். அணைக்கு முன் அளந்த தாளில் அந்த நீலம் இல்லை. நீலகிரி, அட்டப்பாடிப் பக்கமிருந்து வரும் பவானியும், வடமேற்கிலிருந்து வரும் மாயாறும் தனித்தனியாக வந்து கூடுவது அதில்தான் தெரியும். இன்று அந்தக் கூடுதுறை நீருக்கு அடியில் இருக்கிறது.

டணாயக்கன் கோட்டையும் அப்படித்தான். ஹொய்சளத் தண்டநாயக்கர்களின் பெயரைத் தாங்கிய இந்தக் கோட்டை, கோயம்புத்தூர்ச் சீமையிலிருந்து கெஜலெட்டிக் கணவாய் வழியாக மைசூருக்குப் போன பழைய பாதையைக் காத்து நின்றது. 1790-இல் திப்பு சுல்தானின் படை மைசூர் மேட்டிலிருந்து இறங்கியது இந்தக் கணவாய் வழியாகத்தான். இன்று நாம் மைசூர் போக திம்பம் மலைப்பாதையில் ஏறுகிறோம். பழைய பாதையின் ஒரு பகுதி அணைக்குள் போய்விட்டது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது கோட்டைக்குள் இருந்த மாதவப் பெருமாள் கோயிலின் கல்மண்டபம் தலைகாட்டும். செய்தித்தாள்களில் படம் வரும், மக்கள் பார்க்கப் போவார்கள். மழை வந்ததும் எல்லோரும் மறந்துவிடுவோம்.

இதை வரலாற்று ஆர்வத்துக்காகச் சொல்லவில்லை. அணைக்குள் போனவை வெறும் கோட்டையும் கோயிலும் அல்ல. இரண்டு ஆறுகள் சேர்கிற இடத்து வண்டல் நிலமும் ஊர்களும் சேர்ந்தே போயின. அங்கிருந்தவர்கள் எழுந்து சுற்றியுள்ள மேட்டு நிலங்களுக்குப் போனார்கள். அவர்களின் நிலத்தின் மேல் தேங்கும் நீர்தான் இன்று கீழே 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்று பேச உட்காரும்போது, அந்தப் பழைய தாள் மேசையில் விரிந்திருந்தால் பேச்சின் குரல் கொஞ்சம் தணியும்.

மூன்று வாய்க்கால்கள், மூன்று காலங்கள்

அணைக்குக் கீழே வாருங்கள். பழைய தாளிலும் புதிய தாளிலும் மாறாமல் இருப்பவை இரண்டு. ஒன்று, கொடிவேரி. 12-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த அணைக்கட்டின் இருபுறமும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிகின்றன. மற்றொன்று, பவானி காவிரியில் சேரும் இடத்துக்கு அருகே தொடங்கும் காலிங்கராயன் வாய்க்கால். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 90 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து போகிறது.

அந்த வளைவுகளைப் பார்த்துப் பலர் பல கதை சொல்வார்கள். சம உயரக் கோடுகளோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் எளிது. தண்ணீரை மேட்டில் ஏற்ற முடியாது. சடாரென்று இறக்கினால் கரையை அரித்துவிடும். ஆகவே, ஒரே உயரத்தை ஒட்டி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும். வரைபடமே இல்லாத காலத்தில் ஓடுகிற தண்ணீரை வைத்தே மட்டம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு பழைய பாசனங்களும் ஆற்றை ஒட்டிய ஒரு பட்டைதான். அதற்குத் தெற்கே மேட்டுப் பகுதி முழுவதும், 1955-க்கு முந்தைய தாளில், வாய்க்கால் என்ற ஒன்றே கிடையாது. அங்கே இருந்தவை கிணறுகளும் வறண்ட பள்ளங்களும் தான். கொங்கு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயல் என்றால் வாய்க்கால் பாய்வது, தோட்டம் என்றால் கிணறு இருப்பது, காடு என்றால் வானம் பார்த்தது. பழைய தாளில் மேட்டுப் பகுதி தோட்டமும் காடும்தான். கம்பும் சோளமும் கொள்ளும் விளைந்த நிலம். காங்கயம் பக்கத்தில் கிளுவை வேலி போட்டு மாடு மேய்த்த கொறங்காடு.

மூன்றாவது வாய்க்கால் 1950-களில் வந்தது. அதுதான் கீழ்பவானி. சுமார் 200 கிலோமீட்டர் நீளம். இதுவும் சம உயரத்தை ஒட்டியே போகிறது. கிழக்கு நோக்கிப் போகும்போது இடது பக்கம் தாழ்ந்த ஆயக்கட்டு, வலது பக்கம் மேடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த காடு வயலாயிற்று. இன்று நெல்லும் கரும்பும் மஞ்சளும் வாழையும் நிற்கிற பூமியைப் பார்த்து, 'அந்தக் காலத்திலே இப்படியா இருந்தது, எங்கும் பச்சையாக இருந்தது' என்று யாராவது பெருமூச்சு விட்டால், தாளை எடுத்துக் காட்டுங்கள். பழங்காலம் எல்லா இடத்திலும் பொற்காலம் அல்ல.

சர்ச்சைக்கு வருவோம்

கீழ்பவானி மண் வாய்க்கால். மண் வாய்க்கால் கசியும். அந்தக் கசிவு கிணறுகளை ஊறவைத்தது. பள்ளங்களில் ஓடியது. ஆயக்கட்டில் பெயர் இல்லாதவர்களும் கசிவுநீரை நம்பித் தென்னை வைத்தார்கள், மாடு வளர்த்தார்கள், மகளுக்குக் கல்யாணம் செய்தார்கள். இன்னொரு பக்கம், கடைமடை விவசாயி தன் முறைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று ஆண்டுதோறும் முறையிடுகிறார். 2020-இல் சுமார் 710 கோடி ரூபாயில் வாய்க்காலைச் சீரமைக்க அரசு அனுமதி கொடுத்தபோது இரண்டு குரலும் மோதின. ஒருவருக்குக் கான்கிரீட் என்றால் விமோசனம், மற்றவருக்குக் கிணறு வற்றும் என்ற பயம்.

இரண்டு தரப்பும் சொன்ன வாதங்களில் ஒவ்வொரு பிழை இருக்கிறது. அதைப் பழைய தாளும் புதிய தாளும் சேர்ந்தே காட்டும்.

'எங்கள் பள்ளத்தில் எப்போதும் தண்ணீர் ஓடும், அது இயற்கை' என்பது ஒரு வாதம். உங்கள் ஊர்ப் பள்ளம் 1955-க்கு முன் அளந்த தாளில் கறுப்புக் கோடாக இருந்து, இன்று கோடையிலும் அதில் தண்ணீர் நின்றால், அது வாய்க்கால் தண்ணீர். மேலே அணையில் அளந்து திறந்துவிட்ட தண்ணீர். கடைமடைக்காரரின் கணக்கிலும் அது வருகிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் பேச்சு நகராது.

'கசிவு என்றால் வீண்' என்பது மற்றொரு வாதம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாய்க்காலுக்குக் கீழே பள்ளத்தை ஒட்டிக் கிணறுகளும் குடியிருப்புகளும் எங்கெல்லாம் புதிதாக முளைத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவை கூடியிருந்தால், அந்தத் தண்ணீர் வீணாகவில்லை. கணக்கில் எழுதாத வேறொரு பாசனமாக மாறியிருக்கிறது என்று பொருள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பம் நம்பிப் பிழைத்த தண்ணீரை 'இழப்பு' என்ற ஒரே சொல்லில் எழுதி முடித்துவிட முடியாது.

ஆகவே, முழு வாய்க்காலுக்கும் கான்கிரீட் என்பதும் சரியல்ல, ஓர் அடியும் தொடக்கூடாது என்பதும் சரியல்ல. மைல் மைலாகப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்பதற்கும் தாளில் விடை இருக்கிறது. பள்ளம் வாய்க்காலைக் குறுக்கிடும் இடங்களைப் பாருங்கள். அங்கே தரை தாழ்ந்திருக்கும்; வாய்க்காலின் மட்டம் தாழக் கூடாது. ஆகவே, மண்ணைக் கொட்டி உயர்த்திய கரையின் மேல்தான் தண்ணீர் போகும். கரை உடைந்தால் ஊரே பாதிக்கப்படும் இடங்கள் இவை. இங்கே பலப்படுத்துவதை யாரும் எதிர்க்கக் காரணமில்லை. மேட்டை வெட்டி வாய்க்கால் போகும் இடங்களில் உடைப்புப் பயம் குறைவு. அங்கே அவசரமும் குறைவு. கசிவுநீரை நம்பும் கிணறுகள் அதிகமுள்ள நீளங்களில், முதலில் அந்தக் கிணறுகளையும் விவசாயிகளையும் எண்ணிப் பதிவு செய்துவிட்டு, பிறகு பேச வேண்டும்.

குழாய் வந்தாலும் பள்ளம் வேண்டும்

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, குழாய் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு நிரப்பும் திட்டம். மூன்று தலைமுறைக் கோரிக்கை; வந்தது நல்லது. ஆனால், குழாய் வந்துவிட்டது என்பதற்காகப் பள்ளத்தை மறந்துவிடக் கூடாது. உபரி இருந்தால்தான் குழாயில் தண்ணீர். உள்ளூர் மழை பெய்யும்போது குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியது பழைய பள்ளம்தான்.

பழைய தாளில் ஒவ்வொரு குளத்துக்கும் மேலே கறுப்புக் கோடுகள் விரல்களைப் போல விரிந்திருக்கும். அவைதான் வரத்து. இன்று அந்தக் கோடுகளில் எத்தனை தரையில் இருக்கின்றன? சில இடங்களில் சாலை குறுக்கே போட்டு ஓர் அடிக் குழாய் வைத்திருப்பார்கள். சில இடங்களில் வரப்பை நகர்த்தி உழுதிருப்பார்கள். சில இடங்களில் மனையாகப் போட்டு விற்றிருப்பார்கள். குளத்தைத் தூர்வாரும்போது பொக்லைன் குளத்துக்குள்ளேயே சுற்றுகிறது. வரத்துப் பள்ளத்தை யாரும் பார்ப்பதில்லை. கரை அழகாக இருக்கும், குளம் காலியாக இருக்கும்.

தாளால் முடியாதவை

இந்தத் தாளை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யாருடைய நிலம் என்று அது சொல்லாது. அதற்குக் கிராம வரைபடமும் புலப்படமும் 'அ' பதிவேடும்தான் ஆதாரம். நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருந்தது என்றும் சொல்லாது. மஞ்சள் பூச்சு சாகுபடி என்று மட்டும் காட்டும். மானாவாரியா இறவையா என்று பிரிக்காது. 50 அடிக்கு ஒரு கோடு என்பதால், உங்கள் வயலின் சரிவை அதில் தேட முடியாது. ஊர்ப் பெயர்களையும் அளக்க வந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

ஆனாலும், அந்தப் பெயர்களே ஒரு தகவல். குளமே இல்லாத இடத்தில் 'குளம்' என்று முடியும் பெயர் இருந்தால் விசாரியுங்கள். 'பள்ளம்' என்ற பெயருள்ள இடத்தில் மனை வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். 'வலசு' என்று முடியும் சிற்றூர்கள் வேறு இடத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர்கள்.

என்ன செய்யலாம்?

நில அளவைத் துறையின் இன்றைய தாள்களை அதன் இணையதளத்தில் பதிவு செய்து பெறலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்திவிட்டது. சென்னையில் துறையின் அலுவலகமும் இருக்கிறது. பழைய தாள்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பெரிய நூலகங்களிலும் விசாரிக்கலாம். அமெரிக்க ராணுவம் 1950-களில் வெளியிட்ட 1:2,50,000 அளவு இந்திய வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அளவு சிறியதென்றாலும் தொடங்குவதற்கு அது போதும்.

ஆனால், ஒவ்வொரு விவசாயியும் சென்னைக்கு அலைய வேண்டும் என்று சொல்வது நியாயமில்லை. அரசு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உரிய பழைய ஒரு அங்குலத் தாளையும் இன்றைய தாளையும் பெரிதாக அச்சிட்டு, வேளாண்மை விரிவாக்க மையத்தின் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும். தடுப்பணைக்கும் தூர்வாருவதற்கும் செலவிடும் தொகையில் இது ஒரு துளி.

வேளாண் உதவி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தடுப்பணைக்கோ கசிவுநீர்க் குட்டைக்கோ இடம் தேர்வு செய்யும்போது, பழைய தாளில் உள்ள கறுப்புக் கோடுகளைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். கோட்டின் மேலேயே நடந்து பாருங்கள். கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கே நின்று, ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் சொல்வதையும் தாளின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

பாசன சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பது பற்றிப் பேசக் கூடும்போது, தலைமடைக்காரர், கடைமடைக்காரர், கசிவுநீரை நம்பும் கிணற்றுக்காரர் ஆகிய மூவரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். நடுவில் இரண்டு தாள்களை விரியுங்கள். ஒவ்வொருவரும் தன் பூமியில் விரல் வைத்து, அணைக்கு முன் இங்கே என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும். கான்கிரீட் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு தொடங்கலாம்.